வறட்சி முகாமில் முதல் ஆறு வாரங்கள்: எதை முதலில் செய்வது, ஏன்

சோமாலியாவின் பைடோவா நகருக்கு 2017-இல் ஒரு முறையும் 2022-இல் ஒரு முறையும் செவிலியராக வேலைக்குப் போனேன். இரண்டும் வறட்சி ஆண்டுகள். சுற்றுக் கிராமங்களில் சோளம் கருகி, ஆடுமாடு செத்து, குடும்பங்கள் நாள்கணக்கில் நடந்து வந்துகொண்டிருந்தன. நகரத்தின் ஓரத்தில் குச்சிகளை வளைத்து நட்டு, கிடைத்த துணியையும் அட்டையையும் போர்த்தினால் அதுதான் வீடு. எனக்குப் பின்னால் வந்த புதியவர்கள் பலர் என்னைவிடத் திறமைசாலிகள். அவர்கள் தடுமாறியதெல்லாம் வேலையின் வரிசையில்தான்.

எல்லோருடைய கண்ணும் முதலில் உணவு மூட்டைக்குப் போகும். ஆனால் அங்கே நான் பார்த்த பிள்ளைச் சாவுகளில் பெரும்பாலானவை தட்டம்மையிலும் வயிற்றுப்போக்கிலும் நிமோனியாவிலும் போய் முடிந்தவை. பட்டினி உடம்பின் தெம்பை எடுத்துவிடுகிறது. அதன்பின் நல்ல உடம்பு தாங்கிக்கொள்ளும் நோய்கூட மூன்று நாளில் முடித்துவிடுகிறது. அதனால் தண்ணீரும் தடுப்பூசியும் சாப்பாடு வந்து சேரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. கணக்குப் புரிவதற்காக 10,000 பேர் உள்ள ஒரு முகாமை எடுத்துக்கொள்கிறேன்.

1. கிளம்பும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில் மழைக் கணக்கு. தெற்குச் சோமாலியாவில் ஆண்டுக்கு இரண்டு மழை. ஏப்ரல் முதல் ஜூன் வரை 'கூ', அக்டோபர் முதல் டிசம்பர் வரை 'டெய்ர்'. ஜனவரியிலிருந்து மார்ச் வரை 'ஜிலால்' என்னும் கடும் வறள்காலம். நீங்கள் எந்த மாதத்தில் இறங்குகிறீர்களோ அதைப் பொறுத்து ஆபத்தின் முகம் மாறும். ஜிலாலில் தண்ணீர் கிடைக்காது. கூ தொடங்கிய இரண்டாம் வாரம் காலரா வரும். சரக்குப் பட்டியலை இதைப் பார்த்த பிறகு எழுதுங்கள்.

அடுத்தது மொழி. தலைநகர் மொகதிஷுவிலிருந்து மொழிபெயர்ப்பாளரைக் கூட்டி வருவது புதியவர்களின் வழக்கமான தவறு. பைடோவா இருக்கும் பே பகுதியின் கிராம மக்கள் பேசுவது மாய். மொகதிஷுவின் சோமாலியிலிருந்து அது வெகுவாக விலகி நிற்கும். நான் போன முதல் வாரத்தில் ஒரு பாட்டி எங்கள் மொழிபெயர்ப்பாளரிடம் ஐந்து நிமிடம் பேசினார். அவர் திரும்பி, “வயிற்று வலியாம்” என்றார். பக்கத்தில் நின்ற உள்ளூர்ப் பெண் என் கையைப் பிடித்து இழுத்துக் குடிசைக்குள் கூட்டிப்போனாள். உள்ளே பேரப்பிள்ளை பேதியில் துவண்டு கிடந்தது. மாய் பேசும் பெண்களை அன்றைக்கே வேலைக்கு எடுத்தோம்.

சரக்கில் விட்டுப்போகக் கூடாதவை இவை: பிள்ளையின் கைச் சுற்றளவை அளக்கும் மூவாக் நாடாக்கள், நலிந்த பிள்ளைக்கு உணவும் மருந்துமான கடலைப் பசைப் பாக்கெட்டுகள், கிருமிக்கொல்லி மருந்தான அமாக்ஸிசிலின், ஓ.ஆர்.எஸ்., துத்தநாக மாத்திரை, வைட்டமின் ஏ, 65 முதல் 70 சதவீதக் குளோரின் பவுடர், தண்ணீரில் குளோரின் பார்க்கும் கருவியும் அதன் மாத்திரைகளும், தட்டம்மைத் தடுப்பூசிக்கான ஐஸ் பெட்டிகள். குளோரின் வாங்குகிறவர்கள் பரிசோதனை மாத்திரையை மறந்துவிடுவார்கள். அது இல்லாமல் குளோரின் போடுவது கண்ணைக் கட்டிக்கொண்டு உப்புப் போடுவது போல.

கடலைப் பசைக்கு எளிய கணக்கு உண்டு. ஒரு பிள்ளையின் முழு சிகிச்சைக்கு ஏறக்குறைய 150 பாக்கெட், அதாவது ஒரு பெட்டி. 10,000 பேரில் ஐந்து வயதுக்குட்பட்டவர்கள் சுமார் 2,000. அவர்களில் இருபதில் ஒருவர் கடும் நலிவில், அதாவது உயிருக்கே ஆபத்தான ஊட்டக் குறைவில், இருந்தாலே 100 பெட்டி வேண்டும். வழிகளில் ஆயுதக் குழுக்களின் சோதனைச் சாவடிகள் உண்டு, சாலையை நம்ப முடியாது. ஆகவே பாதித் தீர்ந்ததும் அடுத்ததைக் கேட்டுவிடுங்கள்.

இன்னொன்று, பஞ்சம் என்று யாராவது அறிவிக்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம். இருபது சதவீதக் குடும்பங்களுக்கு உணவே இல்லை, முப்பது சதவீதப் பிள்ளைகள் நலிவில், நாளொன்றுக்கு 10,000 பேரில் இருவர் சாவு என்ற மூன்றும் சேர்ந்தால்தான் அந்தச் சொல் வரும். 2011 ஜூலை 20-இல் தெற்குச் சோமாலியாவின் இரு பகுதிகளுக்கு அந்த அறிவிப்பு வந்தது. அந்தப் பஞ்சத்தில் ஏறக்குறைய 2,58,000 பேர் இறந்ததாகப் பின்னால் கணக்கிட்டார்கள். அதில் பாதியளவு சாவு அறிவிப்புக்கு முன்பே நடந்து முடிந்திருந்தது.

2. முதல் இரண்டு நாள்: எண்ணுங்கள்

மருந்துப் பெட்டியைத் திறக்கும் முன் முகாமைச் சுற்றி நடங்கள். குடிசைகளை எண்ணுங்கள். பத்துக் குடிசைக்கு ஒன்றாக நுழைந்து, எத்தனை பேர், எத்தனை சிறுபிள்ளைகள், எந்த ஊர், வந்து எத்தனை நாள் என்று கேளுங்கள். சராசரியைக் குடிசை எண்ணிக்கையால் பெருக்கினால் தலைக்கணக்கு கிடைக்கும். துல்லியமாக இருக்காது, ஆனால் தண்ணீருக்கும் தடுப்பூசிக்கும் இதுவே அடிப்படை.

முகாம் பொறுப்பாளர் தரும் எண்ணை மட்டும் நம்பாதீர்கள். இடம் அவருடையதாக இருக்கும், அல்லது அவருக்குப் பின்னால் ஒரு குலமோ ஆயுதமோ இருக்கும். வரும் உதவியில் ஒரு பங்கு அவருக்குப் போவது பல முகாம்களில் எழுதாத விதி. மொகதிஷுவில் இவர்களைக் 'கறுப்புப் பூனைகள்' என்றே அழைக்கிறார்கள். அதற்காக அவர்களைத் தாண்டிக்கொண்டு போகவும் முடியாது. வணக்கம் சொல்லி, டீ குடித்து, வேலையை விளக்கிவிட்டு, எண்ணுவதை மட்டும் நீங்களே எண்ணுங்கள்.

புதிதாக வந்தவர்கள் எப்போதும் முகாமின் ஓரத்தில் இருப்பார்கள். தண்ணீர்த் தொட்டிக்குத் தூரமாக, பதிவேட்டில் பெயர் ஏறாமல், பலம் குறைந்த குலத்தைச் சேர்ந்தவர்களாக. சாவும் அங்கேதான் அதிகம். நடுவிலிருந்து தொடங்கி ஓரத்துக்குப் போகிறவர்கள் மூன்றாம் வாரம்தான் அங்கே போய்ச் சேர்வார்கள். ஓரத்திலிருந்து தொடங்குங்கள்.

கடைசியாகப் புதைகாட்டுக்குப் போங்கள். புதைக்கும் பெரியவரிடம் இந்த வாரம் எத்தனை, அதில் சின்னது எத்தனை என்று மெதுவாகக் கேளுங்கள். அவருக்குக் கணக்கு மனப்பாடமாக இருக்கும். 10,000 பேருக்கு நாளொன்றுக்கு ஒரு சாவு என்றால் அது அவசரநிலை. 2,000 பிள்ளைகளில் வாரத்துக்கு மூன்று என்றாலும் அதேதான். இந்த எண் இல்லாமல் நீங்கள் செய்வது பலிக்கிறதா என்று ஆறாம் வாரத்தில் உங்களுக்கே தெரியாது.

3. தண்ணீர்

ஆளுக்கு நாளொன்றுக்கு 15 லிட்டர் குறிக்கோள். உயிர் பிழைக்க மட்டும் என்றால் ஏழரை. 10,000 பேருக்கு 15 லிட்டர் என்றால் 1,50,000 லிட்டர், அதாவது 10,000 லிட்டர் லாரி பதினைந்து நடை. முதல் வாரம் பாதியாவது கொண்டுவந்துவிடுங்கள். அளவு குறைந்தால் கை கழுவுவதுதான் முதலில் நிற்கும், அடுத்த வாரமே பேதி கூடும்.

ஒரு குழாய்க்கு 250 பேருக்கு மேல் வேண்டாம். நிமிடத்துக்கு ஏழரை லிட்டர் வரும் குழாய் எட்டு மணி நேரம் ஓடினால் 3,600 லிட்டர். அதை 250 பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 14 லிட்டர்தான் வருகிறது. குழாயைக் குறைத்தால் மிஞ்சுவது வரிசைதான். வரிசையில் நிற்பது மஞ்சள் கேனோடு பத்து வயதுப் பெண்பிள்ளை. அரை மணி நேரத்துக்கு மேல் நின்றால் அவள் பக்கத்துக் குட்டையில் மொண்டுகொண்டு போய்விடுவாள். நீங்கள் குளோரின் போட்டதெல்லாம் வீண்.

இனி குளோரின். 15 கிராம் பவுடரை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்தால் ஒரு சதவீதக் கரைசல் வரும். 20 லிட்டர் வாளி நான்கை வைத்து, முறையே 1, 2, 3, 4 மில்லி கரைசல் விடுங்கள். கலக்கி, அரை மணி நேரம் விட்டுப் பரிசோதியுங்கள். லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் மிச்சக் குளோரின் எந்த வாளியில் இருக்கிறதோ அதன் அளவே அந்தத் தண்ணீருக்குச் சரி. கிணற்றுக்குக் கிணறு, லாரிக்கு லாரி அளவு மாறும். ஒருமுறை கண்ட அளவை மாதம் முழுக்கப் போடுவது நான் மிக அதிகமாகப் பார்த்த தவறு.

கலங்கல் தண்ணீரில் நேரடியாகப் போடாதீர்கள். சேறே குளோரினைத் தின்றுவிடும். படிகாரம் போட்டுத் தெளிய விட்டு, மேல்தண்ணீரை வேறு தொட்டிக்கு மாற்றிய பிறகு போடுங்கள். வாசனை தாளாமல் ஜனங்கள் தண்ணீரைக் கொட்டினால் அவர்களோடு சண்டை போட வேண்டாம். முதல் சில நாள் 0.2-இல் தொடங்கி மெல்லக் கூட்டுங்கள். காலரா வந்துவிட்டால் மட்டும் இந்தச் சலுகை கிடையாது.

குழாயில் சரியாக இருப்பதோடு வேலை முடியவில்லை. குடிசைக்குள் போய், நேற்று பிடித்த கேனில் பரிசோதியுங்கள். அங்கே பெரும்பாலும் பூஜ்யம் வரும். கேனுக்குள் விரலை விட்டுப் பார்த்தால் பாசி வழுக்கும். கூழாங்கல்லும் குளோரின் தண்ணீரும் போட்டுக் குலுக்கிக் கழுவும் நாள் ஒன்றை வாரம்தோறும் வையுங்கள். செலவே இல்லாத வேலை இது. பேதி குறைவதைக் கண்ணால் பார்க்கலாம்.

கழிப்பறை பற்றிச் சுருக்கமாக: முதலில் 50 பேருக்கு ஒன்று, பிறகு 20 பேருக்கு ஒன்று. கிணற்றிலிருந்து 30 மீட்டர் தள்ளி. பெண்களுக்கு அதிகம், உள்ளே தாழ்ப்பாள். இடத்தைப் பெண்களைக் கேட்டு முடிவு செய்யுங்கள். இரவில் போகப் பயமான இடத்தில் கட்டிய கழிப்பறைகள் புத்தம் புதிதாக அப்படியே கிடந்ததைப் பார்த்திருக்கிறேன்.

4. தட்டம்மைத் தடுப்பூசி

முகாமில் முதல் தட்டம்மை வந்த பிறகு திட்டம் போட்டால் நேரம் போயிற்று. அது காற்றில் பரவும், குடிசைகள் ஒட்டி ஒட்டி நிற்கும். ஆறு மாதம் முதல் பதினைந்து வயது வரை, ஏற்கெனவே போட்டேன் என்று சொன்னாலும், எல்லோருக்கும் போடுங்கள். இரண்டாம் முறை போட்டால் கெடுதல் இல்லை. ஒன்பது மாதத்துக்கு முன் போட்டுக்கொண்ட குழந்தைக்கு ஒன்பது மாதம் ஆனதும் திரும்பப் போட வேண்டும். அதைத் தாயின் அட்டையில் எழுதிக் கொடுங்கள்.

கூடவே வைட்டமின் ஏ: 6 முதல் 11 மாதம் வரை 1,00,000 யூனிட், அதற்கு மேல் ஐந்து வயது வரை 2,00,000 யூனிட். தட்டம்மை வந்த பிள்ளைக்கு அதே அளவு இரண்டு நாள் தொடர்ந்து. கண் போகாமல் இருப்பதும் உயிர் தங்குவதும் பல சமயம் இதில்தான் இருக்கிறது.

ஊசிமருந்து 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். கரைக்கும் திரவத்தையும் குளிரவைத்த பிறகே கலக்க வேண்டும். கலந்தால் ஆறு மணி நேரத்தில் தூக்கிப் போட வேண்டும். மிச்சத்தை நாளைக்கு வைத்துக்கொள்ளலாம் என்று ஒருவர் சொன்னபோது குப்பியை அவர் கையிலிருந்து வாங்கி நானே உடைத்தேன். கலந்த குப்பியில் கிருமி வளரும், ஊசி போட்ட பிள்ளையே செத்துப்போகும்.

அம்மையை அவர்கள் மொழியில் 'ஜதேயோ' என்பார்கள். ஊருக்குள் கூவிச் சொல்லும்போது அந்தச் சொல்லையே சொல்லச் சொல்லுங்கள். 'தடுப்பூசி முகாம்' என்றால் யாரும் வர மாட்டார்கள். 'ஜதேயோவுக்கு ஊசி' என்றால் தாய்மார்கள் ஓடி வருவார்கள். அந்த நோயில் பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் ஒவ்வொரு வரிசையிலும் இருக்கிறார்கள்.

5. கை அளவு எடுத்தல்

தடுப்பூசி வரிசையிலேயே ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட எல்லாப் பிள்ளைகளுக்கும் கை அளவையும் எடுத்துவிடுங்கள். ஒரே நாளில் இரண்டு வேலை முடியும். தாய்க்கும் ஒரு நடை மிச்சம்.

இடது கையை மடக்கி, தோள் எலும்பின் நுனிக்கும் முழங்கை நுனிக்கும் நடுப்புள்ளியைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு கையைத் தொங்கவிட்டு நாடாவைச் சுற்றுங்கள். நாடா தோலைத் தொட வேண்டும், அழுத்தக் கூடாது. இறுக்கினால் நல்ல பிள்ளையும் சிவப்பில் விழும், தளர்த்தினால் சாகப்போகிற பிள்ளை மஞ்சளுக்குப் போய்விடும். 115 மில்லிமீட்டருக்குக் கீழ் சிவப்பு, கடும் நலிவு. 115 முதல் 125-க்குள் மஞ்சள். 125-உம் அதற்கு மேலும் பச்சை.

நாடா மட்டும் போதாது. இரண்டு பாதத்தின் மேற்புறத்திலும் கட்டைவிரலை வைத்து மூன்று விநாடி அழுத்துங்கள். எடுத்ததும் குழி நின்றால் அது நீர் கோத்த வீக்கம், நாடா என்ன நிறம் காட்டினாலும் கடும் நலிவுதான். இதைத் தவறவிடுவது மிக எளிது. 2022-இல் ஒரு தாய் உருண்டைக் கன்னத்தோடு ஒரு பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு தம்பியைக் காட்டத்தான் வந்திருந்தாள். வரிசையிலிருந்த எல்லோரும் அவன் கொழுகொழுவென்று இருப்பதாகச் சொன்னார்கள். தலைமுடி செம்பட்டையாகி, பிடித்தால் கையோடு வந்தது. கால்மேல் என் விரல் பதிந்த குழி, நான் பெயர் எழுதி முடிக்கும்வரை அப்படியே இருந்தது. அவனை அன்றைக்கே உள்ளே சேர்த்தோம்.

ஊழியர்களை வாரம் ஒருமுறை ஒரே பிள்ளையை இருவர் இருவராக அளக்கச் சொல்லி ஒப்பிடுங்கள். மூன்று மில்லிமீட்டர் வித்தியாசம் வந்தால் மறுபடி பழக்குங்கள். அந்த மூன்று மில்லிமீட்டரில் ஒரு பிள்ளை விட்டுப்போகும்.

6. வீட்டுச் சிகிச்சையா, உள்நோயாளியா?

சிவப்பு வந்த எல்லோரையும் படுக்கையில் சேர்க்கத் தோன்றும். வேண்டாம். காய்ச்சல், மூச்சிரைப்பு, மயக்கம், ஓயாத வாந்தி, கடும் வீக்கம் எதுவும் இல்லாமல், பசியும் இருந்தால் அந்தப் பிள்ளை வீட்டிலிருந்தே தேறும். படுக்கையில் வைத்தால் பக்கத்துப் பிள்ளையின் நோய் தொற்றும், வீட்டில் மற்ற நாலு பிள்ளைகள் தாயில்லாமல் கிடப்பார்கள்.

பசி இருக்கிறதா என்று பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். அமைதியான இடத்தில் தாய் கை கழுவி, பாக்கெட்டின் ஓரத்தைக் கிழித்து, பிள்ளையைத் தானாகச் சப்ப விடட்டும். திணிக்கக் கூடாது. குடிக்கத் தண்ணீர் கொடுங்கள். அரை மணி நேரத்திலும் ஏற்காவிட்டால் உள்ளே சேர்க்க வேண்டிய பிள்ளை. கூட்டம் அதிகமாக இருக்கும் நாளில் இந்தச் சோதனையைத் தாண்டிவிடுவார்கள். பசியில்லாத பிள்ளையை வீட்டுக்கு அனுப்பினால் அடுத்த வாரம் தாய் மட்டும் வருவாள்.

வீட்டுச் சிகிச்சையில் வாரம் ஒருமுறை பாக்கெட். ஒரு பாக்கெட் 92 கிராம், 500 கலோரி. ஏழு கிலோப் பிள்ளைக்கு நாளைக்கு ஏறக்குறைய மூன்று. கூடவே அமாக்ஸிசிலின். வயிற்றுப் பூச்சி மருந்தை இரண்டாம் வாரம் கொடுங்கள். 'இது மருந்து, இந்தப் பிள்ளைக்கு மட்டும்' என்று சொல்லத்தான் வேண்டும். ஆனால் வீட்டில் இன்னும் மூன்று பிள்ளைகள் பசியோடு பார்த்துக்கொண்டிருந்தால் எந்தத் தாயும் பகிர்ந்துதான் கொடுப்பாள். எடை ஏறாத பிள்ளையின் தாயைத் திட்டாமல் அந்த வீட்டுக்கு உணவு அட்டை இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் இருக்காது.

உள்ளே சேர்த்தால் முதல் மணி நேரம் முக்கியம். ஒரு குவித்த டீஸ்பூன் சர்க்கரையை மூன்றரை மேசைக்கரண்டித் தண்ணீரில் கரைத்து உடனே கொடுங்கள். தாயின் மார்போடு அணைத்துப் போர்வை சுற்றுங்கள். சர்க்கரை இறங்குவதும் உடம்பு குளிர்வதும் முதல் இரவிலேயே உயிரை எடுக்கின்றன. பிறகு எஃப்-75 என்னும், நலிந்த பிள்ளைக்கான சிகிச்சைப் பால், மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை, இரவிலும். இரவு இரண்டு மணிப் பாலைத் தவறவிடும் வார்டில் காலையில் படுக்கை காலியாக இருக்கும்.

நம் ஊர் ஆஸ்பத்திரிப் பழக்கத்தில் வருகிறவர்கள் கை நரம்பைத் தேடி டிரிப் ஏற்றப் பார்ப்பார்கள். நலிந்த பிள்ளையின் இதயம் அந்த நீரைத் தாங்காது. அதிர்ச்சி நிலை தவிர வேறெதற்கும் டிரிப் வேண்டாம், அப்போதும் மருத்துவர் பக்கத்தில் நின்று மெல்ல ஏற்ற வேண்டும். இரும்புச் சத்து மருந்தும் முதல் வாரம் கூடாது.

பால் பவுடர் டப்பாக்களைத் தானமாகக் கொடுக்க யாராவது வருவார்கள். முகாமில் விநியோகிக்காதீர்கள். சுத்தமில்லாத தண்ணீரில் கரைத்த புட்டிப்பால் அங்கே விஷம். தாய்க்குச் சாப்பாடும் தண்ணீரும் கொடுத்தால் தாய்ப்பால் நிற்காது.

7. வாந்திபேதி

2017-இல் சோமாலியாவில் 78,000-க்கும் மேற்பட்டோருக்குக் கடும் வயிற்றுப்போக்கும் காலராவும் வந்தது. 1,100-க்கும் மேல் இறந்தார்கள். அதில் பலர் சிகிச்சை இடத்துக்கு வந்துசேரவே இல்லை. ஆகவே பெரிய காலரா மையம் கட்டுவதற்கு முன், சின்னச் சின்ன ஓ.ஆர்.எஸ். இடங்களைத் திறந்துவிடுங்கள். ஒரு பாய், ஒரு மூடிய வாளி, குவளைகள், உப்புக் கரைசல், பயிற்சி பெற்ற இரண்டு பெண்கள். எந்தக் குடிசையிலிருந்தும் சில நிமிட நடையில் இருக்க வேண்டும். இரவிலும் விளக்கு எரிய வேண்டும்.

நீர் வற்றிய ஆளுக்கு முதல் நான்கு மணி நேரத்தில் கிலோவுக்கு 75 மில்லி. எட்டுக் கிலோப் பிள்ளைக்கு 600 மில்லி, கரண்டி கரண்டியாக. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டு மறுபடி. நினைவு தப்பினாலோ குடிக்க முடியாவிட்டாலோ உடனே தூக்கிக்கொண்டு காலரா மையத்துக்கு. யார் தூக்குவது, எந்த வண்டி, இரவில் சோதனைச் சாவடியில் யார் பேசுவது என்பதை நோய் வருமுன் முடிவு செய்துவிடுங்கள். அங்கே பகலை விட இரவில்தான் அதிகம் இழந்தோம், காரணம் வண்டி.

நலிந்த பிள்ளைக்கென்று தனியாக ரெசோமால் என்ற கரைசல் இருக்கிறது. அதில் உப்பு குறைவு. காலரா என்று சந்தேகம் வந்தால் அதைக் கொடுக்கக் கூடாது, வழக்கமான ஓ.ஆர்.எஸ்.தான். பெரிய ஊசலாட்டம் இங்கேதான் வரும். இந்த ஒரு வரியைச் சுவரில் எழுதி ஒட்டிவிடுங்கள். நலிந்த பிள்ளையின் கண் குழி விழுந்திருப்பதும் தோல் தளர்ந்திருப்பதும் முன்பிருந்தே இருக்கலாம். 'எப்போதிலிருந்து இப்படி?' என்று தாயைக் கேட்டால்தான் தெரியும்.

பேதி வந்த பிள்ளைகளுக்குத் துத்தநாகம், பத்து முதல் பதினான்கு நாள். ஆறு மாதத்துக்கு மேல் 20 மில்லிகிராம், கீழ் 10.

ஒரே குடிசை வரிசையிலிருந்து இரண்டு பேர் வந்தால் அன்றைக்கே அங்கே போய் அவர்கள் எங்கே தண்ணீர் பிடித்தார்கள் என்று பாருங்கள். சோதனைக்கூட முடிவு வரட்டும் என்று காத்திருந்து ஒரு வாரம் இழந்த குழுவை அறிவேன்.

8. உணவும் பணமும்

பைடோவா சந்தையில் அரிசி, சர்க்கரை, எண்ணெய் எல்லாம் குவிந்திருக்கும். வாங்கக் காசு இல்லாததுதான் பசி. அதனால் சந்தை ஓடுகிற இடத்தில் பணமாகக் கொடுப்பதே மேல். அங்கே ஈவிசி என்னும் கைபேசிப் பணம் டீக்கடை வரை ஓடுகிறது. ஆனால் புதிதாக நடந்து வந்த பெண்ணிடம் போனும் இருக்காது, சிம்மும் இருக்காது. பொறுப்பாளரின் சிம்மில் பத்துப் பேரின் பணம் விழும் ஏற்பாடு மட்டும் வேண்டவே வேண்டாம். முதலில் சிம் கொடுங்கள், அவள் பெயரில், அவள் கையில்.

பணம் கொடுக்கும் முன் ஒரு கேன் தண்ணீர் என்ன விலை என்று பாருங்கள். தண்ணீர் இலவசமாக வராத முகாமில் நீங்கள் கொடுத்த பணத்தில் பெரும்பகுதி தண்ணீர்க்காரனுக்குத்தான் போகும். தண்ணீரை உணவுக்கும் பணத்துக்கும் முன்னால் வைத்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

தானியமாகக் கொடுத்தால் ஆளுக்கு நாளைக்கு 2,100 கலோரி கணக்கு: தானியம் சுமார் 400 கிராம், பருப்பு 60, சத்துமாவு 50, எண்ணெய் 25, சர்க்கரை 15, கொஞ்சம் உப்பு. முழுச் சோளமாகக் கொடுக்கும்போது அரைக்கும் கூலியை மறந்துவிடுவார்கள். கூலிக்காகவே பெண்கள் ஒரு பங்குத் தானியத்தை விற்பார்கள். விறகுக்காக வெகுதூரம் காட்டுக்குப் போகும் பெண்கள் அங்கே தாக்கப்படுகிறார்கள். அரைத்த மாவும் அடுப்பும் விறகும் சேர்ந்ததுதான் உணவு.

சந்தையில் வாரா வாரம் ஒரு விலையை மட்டும் எழுதிவையுங்கள்: ஓர் ஆட்டை விற்றால் எத்தனை கிலோ சோளம் வாங்கலாம்? அந்த எண் இறங்க இறங்க, அடுத்த மாதம் வரப்போகும் குடும்பங்களின் எண்ணிக்கை ஏறும்.

9. வாரக் கணக்கு

ஒவ்வொரு வியாழனும் ஒரே தாளில் ஐந்து எண்: சாவு, புதிதாக வந்த குடும்பம், பேதி, தட்டம்மை, சிகிச்சையை விட்டுப் போனவர்கள். அதற்கு மேல் கேட்டால் ஊழியர்கள் கற்பனையாக எழுதுவார்கள். விட்டுப் போனவர்களின் பெயரை வைத்துக்கொண்டு மறுநாள் குடிசைக்குப் போங்கள். இடம் மாறியிருப்பார்கள், அல்லது பிள்ளை இருக்காது. இரண்டில் எது என்று தெரிந்தாக வேண்டும்.

10. மழை வந்த பிறகு

மழை வந்ததும் எல்லோரும் பெருமூச்சு விடுவார்கள். நீங்கள் அந்த வாரம் இரட்டை வேலைக்குத் தயாராக இருங்கள். நிரம்பிய கழிப்பறைக் குழிகள் வழியும், நனைந்த குடிசையில் பிள்ளைகளுக்குச் சளி பிடித்து நிமோனியா ஆகும், சில வாரத்தில் மலேரியா வரும். பாதைகள் சேறாகி வண்டி நிற்கும். ஆகவே மார்ச் மாதமே ஆறு வாரச் சரக்கை முகாமுக்குள் இறக்கிவிடுங்கள். பிளாஸ்டிக் விரிப்பும் போர்வையும் முதல் மழைக்கு முன் கையில் கொடுத்துவிடுங்கள்.

விதைக்க ஊர் திரும்ப நினைக்கும் குடும்பங்களைத் தடுக்காதீர்கள். விதைக்காவிட்டால் அடுத்த ஆண்டும் இதே முகாம்தான். ஆனால் கூ அறுவடை ஜூலையில். அதுவரை வயலில் சாப்பிட ஒன்றும் இல்லை. விதை கொடுத்தால் உணவும் சேர்த்துக் கொடுங்கள், இல்லாவிட்டால் விதையைத் தின்றுவிடுவார்கள்.

சிகிச்சையில் பாதியில் போகும் பிள்ளைகளுக்கு மிச்சப் பாக்கெட்டுகளை மொத்தமாகக் கட்டிக் கொடுங்கள். கூடவே ஒரு மூவாக் நாடா. தாய்மார்கள் எங்கள் ஊழியர்கள் அளவுக்குச் சரியாக அளப்பதை நானே சோதித்துப் பார்த்திருக்கிறேன். எங்களிடமிருந்து கிளம்பிய ஒருத்தி நாடாவை வாங்கியதும் மடியிலிருந்த மகளின் கையில் சுற்றினாள், பச்சை. பக்கத்தில் நின்ற மைத்துனியின் மகனைக் கூப்பிட்டு அவனுக்கும் சுற்றினாள். மஞ்சள். அவனையும் வரிசையில் உட்கார வைத்துவிட்டுத்தான் கழுதை வண்டியில் ஏறினாள்.